1453-ல துருக்கிக்காரன் ரூட்டை அடைச்சதாலதான் வாஸ்கோடகாமா கிளம்பினானா?

#1 குரூப்டூ_கனவு

அண்ணன்மார் அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். ஒரு சந்தேகம், ரெண்டு நாளா மண்டைய குடையுது. கோச்சிங் கிளாஸ் நோட்ஸ்ல இப்படி இருக்கு: 1453-ல உதுமானியத் துருக்கியர் கான்ஸ்டாண்டிநோபிளை (இப்போ இஸ்தான்புல்) பிடிச்சாங்க, அதனால கிழக்கே போற தரைவழி அடைபட்டுச்சு, அதனால ஐரோப்பாக்காரங்க கடல்வழி தேடினாங்க, அதனால 1498-ல வாஸ்கோடகாமா கோழிக்கோட்டுல வந்து எறங்கினான். வரிசையா மூணு "அதனால". மனப்பாடம் பண்ண சுலபமா இருக்கு.

ஆனா அதே நோட்ஸ்ல ரெண்டு பக்கம் தள்ளி, 1415-ல போர்ச்சுகல் ஆப்பிரிக்கக் கரைல சியூட்டாவ பிடிச்சது, 1434-ல பொஜடோர் முனைய தாண்டினதுனு போட்டிருக்கு. கதவ சாத்துறதுக்கு 38 வருசம் முன்னாடியே ஒருத்தன் சுவரேறி குதிக்க ஆரம்பிச்சுட்டான். இது எப்படிங்க? சார்கிட்ட கேட்டேன், "தம்பி, கேட்டதுக்கு விடை எழுது, ஆராய்ச்சி பண்ணாத"னுட்டார்.

#2 மிளகுரசம்

சார் சொன்னது சரிதான் தம்பி. எக்ஸாம்ல 1453 ஆப்ஷன் இருந்தா கண்ண மூடிட்டு அதையே டிக் பண்ணு. வேலை கிடைச்சப்புறம் ஆராய்ச்சி பண்ணலாம்.

#3 ஏட்டுச்சுரைக்காய்

டிக் பண்ணட்டும், வேணாம்னு சொல்லல. ஆனா கேட்ட கேள்வி நல்ல கேள்வி, அதுக்கு பதில் சொல்லாம விடக்கூடாது.

முதல்ல ஒரு மேப் எடுத்து வச்சுக்கோங்க. மிளகு எந்த வழியா ஐரோப்பாவுக்குப் போச்சுனு விரல வச்சுப் பாருங்க. மலபார்ல ஏத்துறாங்க, ஏடன் வழியா செங்கடலுக்குள்ள நுழையுறாங்க, ஜித்தா வரைக்கும் பெரிய கப்பல் வரும். அதுக்கு வடக்கே காத்து எதிர்க்காத்து, பாறை வேற, அதனால அங்க சின்னப் படகுல மாத்தி சூயஸ் பக்கம் கொண்டுபோயி எறக்குவாங்க, அங்கிருந்து ஒட்டகம், கெய்ரோ, கெய்ரோல இருந்து நைல் நதில படகு, கடைசில அலெக்சாண்டிரியா. அங்க வெனிஸ்காரன் கப்பலோட காத்துட்டு நிப்பான். சிரியா பக்கம் டமாஸ்கஸ், பெய்ரூட்னு இன்னொரு கிளை.

இந்த வழில கான்ஸ்டாண்டிநோபிள் எங்க வருது? வரவே வராது. அது வடக்கே, கருங்கடல் வாசல்ல உக்காந்திருக்கு. தூத்துக்குடி போற பஸ்ஸ நிறுத்தணும்னு கும்மிடிப்பூண்டில தடுப்பு வச்ச கதைதான் இது.

அடுத்தது, எகிப்தும் சிரியாவும் 1453-ல துருக்கியர் கைல இல்லவே இல்ல. அங்க ஆண்டது மம்லுக் சுல்தான்கள், அவங்களுக்கும் உதுமானியருக்கும் ஆகவே ஆகாது. உதுமானிய சுல்தான் செலிம் கெய்ரோவ பிடிச்சது 1517-ல. அதுக்குள்ள காமா வந்து 19 வருசம் ஆச்சு, கோவா போர்ச்சுகல் கைக்குப் போயி 7 வருசம் ஆச்சு. காரணம் காரியத்துக்கு அப்புறம் பிறக்குது, இத எந்தக் கணக்குல சேக்குறது.

இன்னும் ஒண்ணு. நகரத்த பிடிச்ச இரண்டாம் மெஹ்மத் வியாபாரத்த விரட்டவே இல்ல. எதிர்க்கரைல கலாட்டானு ஒரு குடியிருப்பு, இத்தாலில இருக்குற ஜெனோவா நகரத்து வியாபாரிங்க ஊரு, நகரம் விழுந்த சில நாள்லயே அவங்களுக்கு உயிருக்கும் சொத்துக்கும் உத்தரவாதம் எழுதிக் கொடுத்துட்டார். 1454-ல வெனிஸோட ஒப்பந்தம், 2 சதவீத சுங்கம் கட்டிட்டு தாராளமா வியாபாரம் பண்ணிக்கோனு. கடைய சாத்துறவன் எதுக்குய்யா ரேட் கார்டு போடுறான்?

#4 கொத்தவால்சாவடி

சுரைக்காய் அண்ணே சூப்பர். நான் படிச்சது பத்தாவதுதான், ஆனா முப்பது வருசமா மளிகை மண்டில உக்காந்திருக்கேன், அதனால ஒரு விசயம் மட்டும் சொல்றேன். ரூட் அடைபட்டா சரக்கு விலை எகிறும். அடைபட்ட மறுநாளே எகிறும், அதுக்கு புக்கு வேணாம், போன் வந்துரும். அப்ப 1453க்கு அப்புறம் வெனிஸ்ல மிளகு விலை எகிறுச்சா இல்லையா? அத சொல்லுங்க, மேட்டர் முடிஞ்சுது.

#5 ஏட்டுச்சுரைக்காய்

அண்ணே நீங்க கேட்ட அதே கேள்வியத்தான் 1915-ல லைபையர்னு ஒரு அமெரிக்க வரலாற்றாசிரியர் கேட்டார். விலைப் பட்டியல எடுத்துப் பாத்தா 1453-ஐ ஒட்டி பெருசா ஏத்தமே இல்ல. அவர் எழுதி நூறு வருசம் தாண்டிருச்சு, நம்ம நோட்ஸ்க்கு இன்னும் தபால் வந்து சேரல.

விலை விசயத்துல உண்மையிலேயே குடைச்சல் கொடுத்தது யாருன்னா மம்லுக் சுல்தான் பர்ஸ்பாய். 1420கள் கடைசில மிளகு வியாபாரம் மொத்தத்தையும் அரசாங்கமே எடுத்துக்கிச்சு, நான் வச்சதுதான் ரேட்டுனு வெனிஸ்காரன் தலைல கட்டினார். அதுவும் 1453க்கு கால் நூற்றாண்டு முன்னாடி.

#6 கொத்தவால்சாவடி

அப்ப அது அடைப்பு இல்லண்ணே, கமிஷன். இடைல எத்தன கை மாறுது பாருங்க, மலபார் வியாபாரி, ஏடன்ல ஒரு சுங்கம், ஜித்தால ஒரு சுங்கம், கெய்ரோல சுல்தான், அலெக்சாண்டிரியால இன்னொரு வரி, அப்புறம் வெனிஸ்காரன் லாபம், ஒவ்வொரு கையும் எடுத்துக்கிட்டுதான் அடுத்த கைக்கு விடும். கடைசில லிஸ்பன்ல இருக்குறவன் வாங்குற விலைய பாத்தா வயிறு எரியத்தான் செய்யும். எங்க மண்டிலயும் இதே கதைதான், தரகர் இல்லாம நேரா தோட்டத்துல போயி லாட் எடுத்தா என்னன்னு எல்லாருக்கும் ஆசை வரும். அந்த ஆசைதான் காமா. வழி அடைபட்டவன் வர மாட்டான் அண்ணே, வழில தரகு குடுத்து நொந்தவன்தான் வருவான்.

#7 யாழ்_மாலுமி

எங்கட பாடப்புத்தகத்திலயும் இதே கதைதான் இருந்தது, 1453 எண்டு கேட்டா எழும்பி நிண்டு சொல்லுவம். பிறகு நானே தேடி வாசிச்சாப் பிறகுதான் கோவில்யாங் எண்ட ஆளைப் பற்றித் தெரிய வந்தது. இந்த விவாதத்துக்கு அந்த ஒராள் காணும்.

1487ல போர்த்துக்கல் அரசன் இரண்டாம் யுவாங் பேரோ த கோவில்யாங் எண்டவரை ஒற்றனா அனுப்பினவர். அரபு மொழி நல்லாத் தெரிஞ்ச ஆள். வியாபாரி வேசம் போட்டு றோட்ஸ் தீவால அலெக்சாண்ட்ரியா போய், பேந்து கெய்ரோ, செங்கடல், ஏடன், அங்கால அரபுக் கப்பல்ல ஏறி கண்ணனூர், கோழிக்கோடு, கோவா எல்லாம் பாத்திட்டு திரும்பிக் கெய்ரோவுக்கே வந்திட்டார். அடைச்சுப்போட்டான் எண்டு நாங்கள் பாடமாக்கின அதே பாதையால, காமா வாறதுக்குப் பத்து வருசத்துக்கு முதலே ஒரு போர்த்துக்கேயன் போய் வந்திருக்கிறான், அதுவும் ஒற்றனா! கெய்ரோவில வச்சு அரசனிட்ட இருந்து வந்த ரெண்டு யூதரிட்ட, ஒராள் சப்பாத்து தைக்கிறவர், கண்டதெல்லாத்தையும் எழுதிக் குடுத்தவர் எண்டு சொல்லுவினம். பிறகு எத்தியோப்பியாவுக்குப் போனவரை அந்த நாட்டு அரசன் திரும்ப விடேல்ல. 1520ல போர்த்துக்கேயத் தூதுக்குழு அங்க போகேக்க மனுசன் அங்கயே குடும்பமும் காணியுமா இருந்தவராம்.

அந்தக் கோவில்யாங்கின்ர கதையை நினைச்சா எனக்கு ஒரு மாதிரி இருக்கும். ஏனெண்டா அதே ஆக்கள்தான் 1619ல எங்கட யாழ்ப்பாண இராச்சியத்தை முடிச்சு வச்சவை. இண்டைக்கும் காலமை பாண் வாங்கேக்க அவையின்ர சொல்லைத்தான் சொல்லுறம்.

#8 மிளகுரசம்

ஜன்னல், சாவி, அலமாரி எல்லாமே அவங்க சொல்லுதான். மிளகு தேடி வந்தவன் மிளகாய குடுத்துட்டுப் போனான், நாம மிளகு மாதிரி காரமா ஒரு காய்னு பேரு வச்சு மிளகையே ரசத்துக்கு மட்டும்னு ஓரங்கட்டிட்டோம் 😀

#9 மட்டுறுத்துநர்

மிளகாய் பேச்சு வேணும்னா தனி இழை தொடங்குங்க. போன தடவை அந்த விவாதம் நூறு பதிவு தாண்டி கடைசில ஆந்திரா ஊறுகாய்ல போயி நின்னுச்சு.

#10 போர்ட்ஸ்மவுத்_பாண்டி

ரூட்டு விசயம் எனக்குத் தெரியாது, நான் பீரங்கி பாத்த கதைய சொல்றேன். நான் இருக்குறது இங்கிலாந்துல போர்ட்ஸ்மவுத் பக்கம். இங்க மலை மேல ஃபோர்ட் நெல்சன்னு ஒரு பழைய கோட்டை, இப்ப பீரங்கி மியூசியம். போன லீவுல பையன கூட்டிட்டுப் போனேன். உள்ள ஒரு துருக்கி பீரங்கி இருக்கு, 1464-ல வார்த்தது, 1860கள்ல உதுமானிய சுல்தான் விக்டோரியா ராணிக்கு கிஃப்டா அனுப்பினாராம். கான்ஸ்டாண்டிநோபிள்ல சுட்டது இது இல்ல, அதுக்கு பதினொரு வருசம் கழிச்சு செஞ்சது, ஆனா அதே வம்சம். வெண்கலம், கிட்டத்தட்ட 17 டன், ரெண்டு துண்டா செஞ்சு நடுவுல மரை போட்டு முறுக்கி மாட்டுற மாதிரி வச்சிருக்கான், நம்ம டிபன் கேரியர் டப்பா மூடி மாதிரி. வாய் அகலம் ரெண்டடிக்கு மேல. பையன் தலைய உள்ள விட்டு "அப்பா"னு கத்தினான், உள்ளேயிருந்து வேற யாரோ கூப்பிடுற மாதிரி கேட்டுச்சு, கைய பிடிச்சு இழுத்துட்டேன்.

அப்புறம் வீட்டுக்கு வந்து படிச்சேன். 1453 முற்றுகைல பெரிய பீரங்கி வார்த்தது அர்பன்னு ஒரு ஹங்கேரிக்காரன். அவன் முதல்ல போனது பைசாந்தியப் பேரரசர் பதினொண்ணாம் கான்ஸ்டன்டைன் கிட்டத்தான். அங்க சம்பளம் குடுக்க காசு இல்ல. அப்படியே நடந்து சுல்தான்கிட்ட போயிட்டான். அவன் செஞ்சத எடிர்னேல இருந்து அறுபது மாடு பூட்டி இழுத்துட்டு வந்தாங்களாம். ஆயிரம் வருசமா நின்ன மதில். உள்ள காக்குறதுக்கு இருந்தது மொத்தமே ஏழாயிரம் பேரு. சங்கிலி போட்டு துறைமுகத்த அடைச்சா, மெஹ்மத் கப்பல கரைல ஏத்தி மரக்கட்டை மேல உருட்டி அந்தப் பக்கம் தண்ணில எறக்கிட்டான். 53 நாள்ல முடிஞ்சுது. வயசு 21. அந்த வயசுல நான் அரியர் கிளியர் பண்ணிட்டிருந்தேன்.

#11 வடக்குவாசல்

எல்லாரும் சேந்து பாடப்புத்தகத்த போட்டு மிதிக்கிறீங்க, கொஞ்சம் எதிர்ப்பக்கமும் பேசுவோம். 1453 வெறும் ஒரு தேதி இல்ல. அதுக்கு அப்புறம் கருங்கடல் மெதுமெதுவா உதுமானிய ஏரி ஆயிடுச்சு, 1461-ல டிரெபிசாண்ட், 1475-ல கிரிமியால இருந்த ஜெனோவாக்காரங்களோட கஃபா துறைமுகம். ஜெனோவாவுக்கு அங்கதான் தானியம், பட்டு, அடிமை வியாபாரம் எல்லாம். அங்க கை போனதும் அவங்க பணம் எங்க போச்சு? மேற்கே. லிஸ்பன், செவில், மதைரா தீவோட கரும்புத் தோட்டம். கொலம்பஸ் யாரு, ஜெனோவாக்காரன். அப்ப கிழக்கே அடைபட்டதாலதான் மேற்கே பாஞ்சாங்கனு சொல்றதுல என்ன தப்பு?

போர்ச்சுகலையே எடுத்துக்கோங்க, நகரம் விழுந்ததும் போப் சிலுவைப்போருக்கு கூப்பிட்டார், ஐந்தாம் அஃபோன்சோ 1457-ல குரூசாடோனு தங்க நாணயமே அடிச்சார், பேரே சிலுவைல இருந்து வந்தது. சும்மா "சம்பந்தமே இல்ல"னு தள்ளிட முடியாது.

#12 ஏட்டுச்சுரைக்காய்

வடக்குவாசல், இது நியாயமான அடி, வாங்கிக்கிறேன். ஜெனோவா பணம் மேற்கே நகந்தது உண்மை. ஆனா நகர ஆரம்பிச்சது 1453க்கு ரொம்ப முன்னாடி. மங்கோலியர் ஆண்ட காலத்துல கருங்கடல்ல இருந்து சீனா வரைக்கும் ஒரே பாதையா போயிட்டு வந்தாங்க, அது 14-ம் நூற்றாண்டு நடுவுலயே உடைஞ்சு போச்சு. 1453 அந்த சரிவுல ஒரு படி, முதல் படி இல்ல.

அந்த குரூசாடோ நாணயத்த நீங்களே எடுத்து வந்தது எனக்கு வசதியா போச்சு. அதுக்கு தங்கம் எங்கிருந்து வந்துச்சு? மேற்கு ஆப்பிரிக்கால இருந்து. துருக்கியரோட சண்டை போடுறதுக்கு நாணயம் அடிக்கவே அவங்க முன்னமே ஆப்பிரிக்கக் கரைல கால் ஊனி இருக்கணும் இல்ல? கடைசில அந்தப் படையும் துருக்கிப் பக்கம் போகல, 1458-ல மொராக்கோல ஒரு ஊரத்தான் பிடிச்சுது.

போர்ச்சுகல் எதுக்கு கடல்ல எறங்குச்சுனு கேட்டா முதல் ஐம்பது வருசத்துக்கு பதில் மிளகே இல்ல. சஹாரா தாண்டி ஒட்டகத்துல வர்ற தங்கத்த நேரா எடுக்கணும், அப்புறம் மனுசங்கள. 1444 ஆகஸ்ட்ல போர்ச்சுகல்ல லாகோஸ் துறைமுகத்துல 235 பேர கப்பல்ல இருந்து எறக்கி ஒரு வெளில நிக்க வச்சு பங்கு பிரிச்சாங்க. இளவரசர் ஹென்றி குதிரை மேல உக்காந்து தன் பங்க வாங்கிக்கிட்டார். அரசவைல இருந்த சுராரானு எழுத்தாளர் அத எழுதி வச்சிருக்கார், அம்மாவ ஒரு பக்கம் பிள்ளைய ஒரு பக்கம் பிரிச்சது, பிள்ளைங்க ஓடிப்போயி திரும்பவும் ஒட்டிக்கிட்டது எல்லாம். ஹென்றிய புகழ்றதுக்கு எழுதின ஆளுக்கே அந்த இடத்துல பேனா தடுமாறுது. இது 1453க்கு ஒன்பது வருசம் முன்னாடி. "துருக்கிக்காரன் அடைச்சான், பாவம் இவங்க வழி தேடி கிளம்பினாங்க"னு சொன்னா இந்த 235 பேரு கதைல இருந்து காணாம போயிடறாங்க. எனக்கு அந்த ஒத்த வரி மேல கோபமே இதுக்குத்தான்.

#13 பழைய_டீச்சரம்மா

ரிடையர் ஆயிட்டேன், இருபத்தெட்டு வருஷம் இதே வரியை போர்டுல எழுதினவ நான், அதனால கொஞ்சம் குற்ற உணர்ச்சியோட வரேன் 🙂

1453-னால நிஜமாவே என்ன அடைபட்டுதுன்னு கேட்டா நான் படிகாரம்னு சொல்வேன். சிரிக்காதீங்கோ. ஷேவ் பண்ணினப்புறம் சலூன்ல தேய்ப்பாளே அதே படிகாரம்தான். துணிக்கு சாயம் போட்டா ஒட்டி நிக்கணுமே, அதுக்கு படிகாரம் வேணும், இல்லேன்னா ஒரே துவைப்புல வெளுத்துடும். ஃபிளாரன்ஸ், ஃபிளாண்டர்ஸ்னு ஐரோப்பாவோட ஜவுளித்தொழில் மொத்தமும் இத நம்பித்தான். நல்ல படிகாரம் வந்தது இன்னைக்கு துருக்கில இருக்கற ஃபோச்சாவுலேர்ந்து, ஜெனோவாக்காரா கையில இருந்தது, 1455-ல உதுமானியர் எடுத்துண்டுட்டா. இப்போ பாருங்கோ, மிளகு இல்லேன்னா சாப்பாடு ருசிக்காது, அவ்வளவுதான். படிகாரம் இல்லேன்னா ஆயிரக்கணக்கான நெசவாளிக்கும் சாயக்காராளுக்கும் வேலை இல்ல.

அப்புறம் என்ன ஆச்சு? கான்ஸ்டாண்டிநோபிள்ல சாயத்துணி வியாபாரம் பண்ணிண்டிருந்த ஜியோவானி தா காஸ்ட்ரோனு ஒருத்தர் நகரம் விழுந்ததும் எல்லாத்தையும் இழந்துட்டு இத்தாலிக்கு ஓடி வந்தார். 1460கள் ஆரம்பத்துல ரோமுக்குப் பக்கத்துல டோல்ஃபா மலையில நடந்துண்டிருக்கறச்சே, துருக்கி சுரங்கத்துப் பக்கம் பார்த்த அதே செடி இங்கேயும் முளைச்சிருக்கறத பார்க்கறார். கல்லை எடுத்து வாயில வச்சா உப்புக் கரிக்கறது. அவ்வளவுதான், படிகாரச் சுரங்கம். நேரா போப்பாண்டவர் இரண்டாம் பயஸ்கிட்ட போய் துருக்கியர் மேல உங்களுக்கு வெற்றி கொண்டு வந்திருக்கேன்னாராம். அப்புறம் போப்பாண்டவரே, துருக்கிப் படிகாரம் வாங்கறது கிறிஸ்தவனுக்கு அழகில்லன்னுட்டார். சுரங்கம் நம்மதா ஆனப்புறம் பக்தி வரத்தானே செய்யும்.

ஆக அடைபட்ட ஒரு சரக்குக்கு ஐரோப்பா தேடினது கடல்வழி இல்ல, கொல்லைப்புறத்துலயே தோண்டினா.

#14 கொத்தவால்சாவடி

டீச்சரம்மா 🙏 மண்டில படிகாரம் மூட்டை மூட்டையா விக்கிறேன், இப்படி ஒரு கதை இருக்குனு இன்னிக்குத்தான் தெரியும்.

#15 குரூப்டூ_கனவு

டீச்சர், அப்படியே இன்னொண்ணும் சொல்லிடுங்க. 1453-ல கிரேக்க அறிஞர்கள் சுவடிகளோட இத்தாலிக்கு ஓடி வந்ததாலதான் மறுமலர்ச்சி வந்துச்சுனும் நோட்ஸ்ல இருக்கு. அதுவும் புஸ்வாணமா?

#16 பழைய_டீச்சரம்மா

பாதி புஸ்வாணம். ஃபிளாரன்ஸ்ல கிரேக்கம் சொல்லிக்குடுக்க கிரிசோலோரஸ் வந்தது 1397-ல. பெஸாரியன்னு கிரேக்கத் திருச்சபை அறிஞர் இத்தாலிக்கு வந்தது 1438-ல, திருச்சபை மாநாட்டுக்காக. ஓடி வரல, மரியாதையா கப்பல்ல வந்தார், அப்புறம் கார்டினல் ஆனார், நகரம் விழுந்ததுக்கப்புறம் கிடைச்ச சுவடியெல்லாம் தேடித் தேடி வாங்கி 1468-ல வெனிஸுக்கு எழுதி வச்சுட்டார். அந்தப் பாதிக்கு 1453 காரணம். மறுமலர்ச்சிய ஆரம்பிச்சு வச்சவர்னு சொல்ற இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க்கெல்லாம் 1374-லயே காலமாயாச்சு.

இன்னொரு சம்பந்தம் எனக்குப் பிடிச்சது. கூட்டன்பெர்க் பைபிள் முடியறது சுமார் 1455. ஆனா தேதி போட்டு அச்சான பழைய தாள்கள்ல ஒண்ணு 1454-ல வந்த பாவமன்னிப்புச் சீட்டு. எதுக்குன்னா, துருக்கியர்கிட்டேர்ந்து சைப்ரஸ் தீவை காப்பாத்த நிதி திரட்ட. பேருக்கும் தேதிக்கும் இடம் விட்டு மத்ததெல்லாம் அச்சு. நம்ம கோயில் நன்கொடை ரசீது மாதிரியே.

#17 வடக்குவாசல்

சரி மிளகுக்கே வருவோம். அடைப்பு இல்ல, கமிஷன்தான்னு ஒத்துக்கறேன். ஆனா காமா வந்ததும் பழைய ரூட்டு செத்துச்சே, அதாவது உண்மையா இல்லையா?

#18 ஏட்டுச்சுரைக்காய்

வந்த அன்னிக்கு நடந்தது முதல்ல. காமா ஊருக்குள்ள அனுப்பின ஆள வழில ரெண்டு துனீசியா வியாபாரிங்க மடக்கி, ஸ்பெயின் பாஷையிலயே "நாசமாப் போறவனே, நீ எங்கடா இங்க?"ங்கிற மாதிரி கேட்டிருக்காங்க. பத்து மாசம் கடல்ல செத்துப் பொழைச்சு புது உலகம் கண்டுபிடிச்சோம்னு எறங்கினா, பக்கத்து ஊர்க்காரன் முன்னமே வந்து கடை போட்டிருக்கான்.

அப்புறம் கோழிக்கோட்ட ஆண்ட சாமூத்திரி ராஜாவுக்கு காமா எடுத்து வச்ச பரிசு: பன்னெண்டு துண்டு கோடு போட்ட துணி, நாலு சிவப்புத் தலைமூடி, ஆறு தொப்பி, நாலு சரம் பவளம், கை கழுவுற கிண்ணம் ஆறு, கொஞ்சம் சர்க்கரை, ரெண்டு பீப்பாய் எண்ணெய், ரெண்டு பீப்பாய் தேன். பாக்க வந்த அதிகாரிங்க சிரிச்சுட்டாங்க, மெக்கால இருந்து வர்ற ஏழை வியாபாரி கூட இதுக்கு மேல குடுப்பான், ராஜாவுக்கு தங்கம்னா கொண்டு வானு. கூட வந்தவங்கள்ல ஒருத்தனே இத நாட்குறிப்புல எழுதி வச்சிருக்கான். அடுத்த முறை காமா தொப்பி கொண்டு வரல, பீரங்கி கொண்டு வந்தான்.

பழைய ரூட்டு செத்துச்சானா, கொஞ்ச காலம் மூச்சுத் திணறுச்சு. 1509-ல டையூ கடல் சண்டைல மம்லுக், குஜராத், கோழிக்கோடு கப்பல் எல்லாம் சேந்து போர்ச்சுகல்கிட்ட தோத்துச்சு. அதுல மம்லுக்குக்கு பின்னாடி இருந்து ஒத்தாசை பண்ணினது வெனிஸ், கிறிஸ்தவ வெனிஸ், கிறிஸ்தவ போர்ச்சுகலுக்கு எதிரா. மதமா வியாபாரமானு கேட்டா கொத்தவால்சாவடி அண்ணன் சொல்வார்.

ஆனா 1517-ல எகிப்து துருக்கியர் கைக்கு வந்ததும் ஏடன், செங்கடல்னு அவங்க பிடிய இறுக்க, பழைய பாதை திரும்ப எழுந்து நின்னுச்சு. 1560கள்ல அலெக்சாண்டிரியா வழியா வெனிஸுக்குப் போன மிளகு, காமா வர்றதுக்கு முன்னாடி போன அளவையே தொட்டுச்சு. அதாவது பாதைய அடைச்சான்னு நாம திட்டுற அதே துருக்கிக்காரன்தான் அத திறந்து வச்சவன், அடைக்கப் பாத்தது போர்ச்சுகல். அந்த ரூட்ட கடைசில முடிச்சது 1600க்கு அப்புறம் வந்த டச்சுக்காரங்களும் இங்கிலீஷ்காரங்களும்.

#19 யாழ்_மாலுமி

எழுதினதுக்கு நன்றி அண்ணை. பெடியனுக்கு இதை வாசிச்சுக் காட்டினனான், அவன் "அப்ப சோதினைக்கு எதை எழுத?" எண்டு கேக்கிறான்.

#20 குரூப்டூ_கனவு

நேத்து மாதிரித் தேர்வுல அதே கேள்வி வந்துச்சு. நாலு ஆப்ஷன். 1453-ஐ டிக் பண்ணிட்டேன், மார்க் வந்துருச்சு. பேப்பர் திருப்பிக் குடுக்கும்போது சார்கிட்ட 1517 பத்தி மெதுவா கேட்டேன். கொஞ்ச நேரம் மேப்பையே பாத்துட்டு நின்னார். அப்புறம் "சாயங்காலம் கிளாஸ் முடிஞ்சதும் இரு, பேசலாம்"னார்.